தோத்தா தூதர், மூத்தா கவர்னர்

"தோத்தா தூதர், மூத்தா கவர்னர். அவ்வளவுதாங்க தம்பி விஷயம்."

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் இதைச் சொன்னவர் ஓய்வுபெற்ற தாசில்தார். சூடு தாங்காமல் டம்ளரைத் துண்டின் நுனியால் பிடித்திருந்தார். டாக்டர் ப. சுப்பராயனைப் பற்றிய பேச்சை இழுத்துவிட்டவன் நான்தான். எதுகை கச்சிதமாக விழுந்ததால் பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். எதுகை விழுந்துவிட்டால் நம்மவர்கள் மேற்கொண்டு கணக்குக் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

ஆள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குமாரமங்கலம் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். 1937இல் ராஜாஜி மந்திரிசபையில் சட்டமும் கல்வியும் இவர் கையில். 1947இல் ஓமந்தூரார் மந்திரிசபையில் உள்துறை. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1949 முதல் 1951 வரை இந்தோனேசியாவுக்கு இந்தியத் தூதர். 1957இல் திருச்செங்கோடு எம்.பி., 1959இல் மத்திய போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சர், 1962இல் மகாராஷ்டிர கவர்னர். அந்தப் பதவியில் இருக்கும்போதே அக்டோபர் 6 அன்று காலமானார். திருச்செங்கோட்டுக்காரருக்கும் தருமபுரிக்கும் என்ன சம்பந்தம் என்றால், 1965 அக்டோபர் 2 வரை தருமபுரி என்றொரு ஜில்லாவே கிடையாது. தொப்பூர் கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சேலம் ஜில்லாதான்.

தாசில்தார் கட்சியை அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் பலமாகவே சொல்கிறேன். வைத்தியம் போல, சர்வே போல, தூதர் வேலையும் பயின்று செய்ய வேண்டிய தொழில்; பயிலாத அரசியல்வாதியை அங்கே உட்காரவைப்பது நாட்டின் செலவில் ஒருவருக்குக் கொடுக்கும் ஓய்வு. சுப்பராயன் அதற்கு நல்ல உதாரணம். வெள்ளைக்கார கவர்னர் தூக்கிவைத்த முதலமைச்சர். சுயேச்சையாக வந்து, ஜஸ்டிஸ் கட்சியைப் பிடித்துக்கொண்டு, காற்று மாறியதும் கதர் போட்டவர். மாகாண அரசியலில் வேலை முடிந்ததும் கப்பலேற்றப்பட்டவர். அங்கே இரண்டு வருஷம் இருந்தார், வந்தார், தடயம் ஒன்றும் இல்லை. இதுதான் வாதம். முட்டாள்தனமான வாதமல்ல. படித்தவர்கள் பலர் நம்புவது. அதனால்தான் இத்தனை பக்கம் செலவழிக்கிறேன்.

1. பயின்றவர் யார் இருந்தார் 1949இல்?

இந்திய வெளியுறவுப் பணி உருவானதே 1946இல். தேர்வெழுதி வந்த முதல் அணியினர் வேலையில் சேர்ந்தது 1948இல். சுப்பராயன் ஜகார்த்தா போனபோது அவர்களுக்கு ஒரு வருஷ அனுபவம். மிச்சம் இருந்தவர்கள் ஐ.சி.எஸ். அதிகாரிகள். திறமைசாலிகள், மறுக்கவில்லை. ஆனால் நேற்றுவரை பிரிட்டிஷ் மகுடத்துக்குச் சேவகம் செய்தவர்கள். டச்சுக்காரனோடு நாலு வருஷம் சண்டையிட்டு 1949 டிசம்பர் 27 அன்று ஆட்சியைக் கையில் வாங்கிய ஒரு நாட்டுக்கு யாரை அனுப்புவீர்கள்? அங்கே மந்திரிகளாக உட்கார்ந்திருந்தவர்களில் பலர் சிறையிலிருந்தும் நாடுகடத்தலிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு எதிர்நாற்காலியில் ஓர் அரசியல்வாதி உட்காருவதுதான் இயல்பு.

அதே சமயத்தில் மற்ற தலைநகரங்களைப் பாருங்கள். வாஷிங்டனில் விஜயலட்சுமி பண்டிட், மாஸ்கோவில் ராதாகிருஷ்ணன், லண்டனில் கிருஷ்ண மேனன், பீகிங்கில் கே.எம். பணிக்கர், கொழும்பில் வி.வி. கிரி. இதில் ஒருவரும் தேர்வெழுதித் தூதரானவர் இல்லை. கிருஷ்ண மேனன் காலத்தில் ராணுவத்துக்கு ஜீப் வாங்கிய விவகாரம் நாறியது உண்மை. பணிக்கரைத் திபெத் விஷயத்தில் இன்றுவரை திட்டுகிறார்கள், அதுவும் அநியாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 1950இல் அமெரிக்கப் படை 38ஆவது இணைகோட்டைத் தாண்டினால் சீனா கொரியாவுக்குள் இறங்கும் என்று முன்கூட்டிச் சொன்ன எச்சரிக்கை அதே பணிக்கர் வழியாகத்தான் வந்தது. தொழில்முறை வாஷிங்டன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு 'வெளியாள் எதற்கு' என்று பேசுவதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1792இல் திப்புவிடமிருந்து இந்தப் பகுதி, அதாவது பாராமகால், கும்பினி கைக்கு வந்தபோது, காரன்வாலிஸ் இங்கே அனுப்பியது பயிற்சி பெற்ற சிவில் அதிகாரிகளை அல்ல. சென்னையில் இருந்த சிவிலியன்களுக்கு ஜனங்களின் பாஷை தெரியாது என்பதால், அலெக்ஸாண்டர் ரீட் என்ற ராணுவ கேப்டனையும் அவருக்கு உதவியாகச் சில பட்டாள அதிகாரிகளையும் அனுப்பினார். அதில் ஒருவர்தான் தருமபுரியில் தங்கி ஏழு வருஷம் வயல் வயலாக அலைந்த தாமஸ் மன்றோ. ரயத்துவாரி முறை வேர் பிடித்தது இந்த வரப்புகளில்தான். தாசில்தார் ஐயா முப்பது வருஷம் கட்டி அழுத பட்டா, அடங்கல், ஜமாபந்தி எல்லாவற்றுக்கும் வழி வகுத்த கூட்டத்தில் வருவாய்த் துறைத் தேர்வெழுதியவர் ஒருவரும் இல்லை.

இன்னும் பின்னால் போக வேண்டுமா? அன்று தகடூராக இருந்த இதே தருமபுரியின் அதியமான் தொண்டைமானிடம் தூது அனுப்பியது யாரை? படைத்தலைவனை அல்ல, ஔவையை. நெய் பூசிப் பளபளவென்று அடுக்கி வைத்திருந்த தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துவிட்டு, எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாராட்டுவதுபோல் குத்தியவள் அவள். புறநானூற்றில் இருக்கிறது. பிற்பாடு தகடூர் சேரனிடம் விழத்தான் செய்தது. அது தூதின் குற்றமா?

2. பொம்மை என்கிறீர்களே, ஆட்டியவன் கயிறு எங்கே?

1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சிக்கு 41 இடம், ஜஸ்டிஸ் கட்சிக்கு 21. முதலில் வந்தவர்கள் பதவி வேண்டாம் என்றார்கள். இரண்டாவது வந்தவர்களும் பொறுப்பேற்கத் தயாராக இல்லை. கவர்னர் கோஷன் சுயேச்சையான சுப்பராயனைக் கூப்பிட்டார். இதுவரை தாசில்தார் சொல்வது சரி.

இனிமேல்தான் தகராறு. பின்னால் கட்சி இல்லாத ஒருவர், எதிரே இரண்டு பெரிய கட்சிகள், மேலே கவர்னர். இந்த நிலையில் ஒரு மந்திரிசபையை நாலு வருஷம் கவிழாமல் ஓட்டுவதற்கு என்ன பெயர்? சைமன் கமிஷன் விவகாரத்தில் 1928இல் உடனிருந்த இரு அமைச்சர்களும் விலகினார்கள். இவர் எஸ். முத்தையா முதலியாரையும் சேதுரத்தினம் ஐயரையும் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தார். பதவி ஆசை என்று சொல்லலாம், சொல்லுங்கள். ஆனால் அந்தப் பதவி நீடித்ததால்தான் அரசு வேலைகளில் இடம் ஒதுக்கும் முத்தையா முதலியாரின் வகுப்புவாரி உத்தரவு நடைமுறைக்கு வந்தது. ஜஸ்டிஸ் கட்சி ஆட்சியிலிருந்தபோது காகிதத்தில் கிடந்ததை, ஜஸ்டிஸ் கட்சி ஆட்சியில் இல்லாத ஒரு மந்திரிசபை நடத்திக்காட்டியது. தேவதாசி முறைக்கு எதிராக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடியதும் அதன் முதல் சட்டத்திருத்தம் வந்ததும் இதே காலத்தில். அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் 1928. பொம்மை என்றால் கொஞ்சம் உபயோகமான பொம்மைதான்.

யாரும் முழுதாக நம்பாத இடத்தில், யாரையும் முழுதாகப் பகைத்துக்கொள்ளாமல், எதிராளியால் எதைக் கொடுக்க முடியாது என்று கணக்குப் போட்டு அதைக் கேட்காமலிருக்கக் கற்பது தூதர் வேலையின் பாலபாடம். அதை இவர் ஜகார்த்தாவுக்கு இருபது வருஷம் முன்பே ஜார்ஜ் கோட்டையில் முடித்துவிட்டார்.

3. கட்சி மாறினார். கோரிக்கை மாறியதா?

1932 நவம்பரில், காங்கிரசில் சேர்வதற்கு முன்பே, சென்னை சட்டசபையில் கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தவர் சுப்பராயன். காந்தி அந்த மாதங்களில் எரவாடா சிறையிலிருந்து எழுதியவற்றில் 'டாக்டர் சுப்பராயன் மசோதா' திரும்பத் திரும்ப வரும். 1933 ஜனவரியில் வைஸ்ராய் அதற்கு அனுமதி மறுத்துவிட்டார். அதன்பிறகுதான் காங்கிரஸ். 1939இல் ராஜாஜி மந்திரிசபை ஆலயப்பிரவேசச் சட்டம் கொண்டுவந்தபோது இவர் அதில் சட்ட அமைச்சர்.

சந்தர்ப்பவாதி என்றால், தனக்கு நஷ்டம் தரும் விஷயத்தைத் தூக்கிச் சுமக்க மாட்டான். கொங்கு ஜமீன்தார் ஒருவருக்கு 1932இல் ஆலயப்பிரவேசத்தால் சொந்த சாதியில் என்ன லாபம் கிடைத்திருக்கும்? 1912இல் மங்களூர் சாரஸ்வத பிராமணப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர் இவர். அந்த ராதாபாயின் அப்பா குட்முல் ரங்கராவ், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததற்காக ஊர்ச்சாதியாரிடம் வசவு வாங்கியவர். ராதாபாய் 1930இல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். பிள்ளைகளில் ஒருவர் ராணுவத் தளபதி, ஒருவர் கம்யூனிஸ்டாக இருந்து காங்கிரஸ் மந்திரியானவர், மகள் கடைசிவரை கம்யூனிஸ்ட். ஒரே சாப்பாட்டு மேஜையில் இத்தனை கட்சி! அந்த வீட்டுத் தலைவருக்குத் தூதுப் பயிற்சி தனியாக வேண்டுமா என்ன.

4. "ஜகார்த்தாவில் தடயம் இல்லை."

தடயத்தை எங்கே தேடினீர்கள்? 1950 ஜனவரி 26, இந்தியாவின் முதல் குடியரசு தினம். டெல்லியில் பிரதம விருந்தாளி சுகர்ணோ. அதே வருஷம் ஜூனில் நேரு இந்தோனேசியா போனார். 1951 மார்ச் 3 அன்று இரு நாட்டு நட்புறவு உடன்படிக்கை ஜகார்த்தாவில் கையெழுத்தானது. இவையெல்லாம் ஒரு தூதர் மட்டும் செய்தவை என்று சொன்னால் நானும் எதுகைக்காரன் ஆகிவிடுவேன். தூதரகம் தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு இவை போதும்.

ஆனால் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்தது அதுவல்ல. தடயம் ஜகார்த்தாவில் இல்லை, டெல்லியில் இருக்கிறது.

1938 ஏப்ரலில் ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. கல்வி அமைச்சர் யார்? சுப்பராயன். எதிர்த்துப் போராடி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை போனார்கள், கைக்குழந்தையோடு பெண்களும். 1939 ஜனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் காவலில் இருக்கும்போதே இறந்தார்கள். கல்வி அமைச்சர் பதவி விலகவில்லை.

1955இல் மத்திய அரசு ஆட்சிமொழிக் குழு அமைத்தது. 21 உறுப்பினர்கள், தலைவர் பி.ஜி. கேர். 1956இல் அறிக்கை தயாரானபோது, ஆங்கிலத்தை அவசரமாக அகற்றி இந்தியை மேலேற்றும் பெரும்பான்மை முடிவை ஏற்காமல் கடுமையான மாற்றுக்குறிப்பு எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் வங்காள மொழியியலறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜி. இன்னொருவர் சுப்பராயன். இந்தி பேசாதவர்கள் தலையில் இதைக் கட்டக்கூடாது என்று எழுதியது, பதினெட்டு வருஷத்துக்கு முன் அதே இந்தியைக் கட்டாயமாக்கிய மந்திரிசபையின் கல்வி அமைச்சர்.

பார்த்தீர்களா பல்டியை என்பார்கள். பல்டி அடிப்பவன் ஆள்பவர் பக்கம் குதிப்பான். 1956இல் காங்கிரஸ்காரரான இவர் ஆள்பவர் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் குதித்தார். அப்படியானால் நடுவில் என்ன நடந்தது? நடுவில் ஜகார்த்தா நடந்தது.

அன்றைய இந்தோனேசிய மக்கள்தொகையில் பாதியை நெருங்கியவர்கள் ஜாவானியர். இலக்கியம், அரசவை, அதிகாரம் எல்லாம் அவர்களிடம். சுகர்ணோவின் தகப்பனாரும் ஜாவானியர்தான். ஜனநாயகக் கணக்குப்படி ஜாவானிய மொழிதான் தேசிய மொழி ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. துறைமுகச் சந்தைகளில் எல்லாத் தீவுக்காரர்களும் பேரம் பேசிப் பழகிய, மிகச் சிறுபான்மையோருக்கே தாய்மொழியான மலாயை 1928 இளைஞர் மாநாட்டில் ஒற்றுமை மொழியாக எடுத்துக்கொண்டார்கள். 1945இல் அரசமைப்பில் எழுதிவைத்தார்கள். பெரும்பான்மை தன் மொழியைப் பின்னால் தள்ளி வைத்தது. ஜாவாவில் அதனால் கலகம் ஒன்றும் வெடிக்கவில்லை. இந்த ஏற்பாட்டின் நடுவில் இரண்டு வருஷம் குடியிருந்த ஒருவர், பெரும்பான்மையின் மொழியைத் தேசத்தின் மொழியாக்கும் அறிக்கையில் ஒப்புக்குக் கையெழுத்திட்டுவிட்டுப் போவாரா?

இது என் ஊகம்தான். ஆனால் 1938க்கும் 1956க்கும் இடையே அந்த மனுஷனை மாற்றியது என்ன என்பதற்குத் தாசில்தார் தரப்பில் வேறு விடை இருந்தால் கேட்கத் தயார். பாதி விடையை நானே தருகிறேன்: கேரும் தூதராக இருந்தவர்தான். பம்பாய் மாகாண முதலமைச்சராக இருந்து 1952இல் லண்டன் போன ஹைகமிஷனர். ஆக, இரண்டு மாஜி முதலமைச்சர்கள், இரண்டு மாஜி தூதர்கள், ஒரே மேஜையில் எதிரெதிர் முடிவு. வெளிநாடு போனால் போதும், அறிவு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எங்கே போனார், என்ன பார்த்தார் என்று கேட்க வேண்டும் என்கிறேன். லண்டனில் ஒரு மொழிதான் ஆள்கிறது.

5. கிரியைக் கொண்டுவருவார்கள், தெரியும்.

1937 மந்திரிசபையில் சுப்பராயனுக்கு சகாவான வி.வி. கிரி 1947இல் கொழும்புக்கு ஹைகமிஷனராகப் போனார். தொழிற்சங்கம் கட்டிய ஆள். தோட்டத் தொழிலாளரின் வலி தெரிந்தவர். அவர் அங்கே இருக்கும்போதே 1948 குடியுரிமைச் சட்டம் வந்தது, மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். சேலம் ஜில்லாவிலிருந்தும் கங்காணி கூட்டிப்போன சனம் அதில் உண்டு. இது என் வாதத்துக்கு விழுந்த அடிதான், வாங்கிக்கொள்கிறேன்.

அடுத்த பாதியையும் படியுங்கள். 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். அப்போது வெளியுறவுத் துறை நிறையப் பயின்ற அதிகாரிகள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரை அப்புறம் பார்ப்போம் என்று மூட்டை பிரிப்பதுபோல் பிரித்தார்கள். பிரிக்கப்பட்ட ஒருவரிடமும் கேட்கவில்லை. அரசியல்வாதி தடுக்க முடியாமல் தோற்றார். நிபுணர்கள் தோல்வியைக் கோப்பாக்கி முத்திரை வைத்தார்கள். இரண்டில் எது தேவலை என்று நீலகிரியின் கூடலூரில் குடியேற்றப்பட்ட பாட்டிகளிடம் கேட்டுப் பார்க்கலாம்.

6. கடைசியாக, இந்தக் கேலியால் யாருக்கு லாபம்?

"தோத்தா தூதர்" என்று ஒருமுறை சிரித்துவிட்டால், இவரை ஏன் இந்த நாட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்று அரசைக் கேட்கிற வேலை நமக்கு மிச்சம். எல்லாம் ஓய்வுக் கொடைதானே! நியமிக்கிறவருக்கு இதைவிட வசதி உண்டா? தகுதி பற்றி யாரும் கேட்காத இடத்தில்தான் தகுதியில்லாதவர் துணிந்து அனுப்பப்படுகிறார். கேலி செய்கிறவர் எதைக் கண்டு சிரிக்கிறாரோ அதை அவரே வளர்க்கிறார்.

இவ்வளவையும் அடுத்த வாரம் அதே பெஞ்சில் தாசில்தாரிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். மன்றோ கதைக்கு மட்டும் தலையாட்டினார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"எல்லாம் சரிங்க தம்பி. ஜாவாவுக்குப் போயித்தான் அந்தப் புத்தி வரணுமா? தாளமுத்து செத்தப்ப அவரு மெட்ராஸ்லதானே இருந்தாரு?"

என்னிடம் பதில் இல்லை. இன்னொரு டீ சொன்னேன்.